பால்மா டின்னில் பிடித்த பகல்

என் கணவர் விழுந்தது ஒரு மாட்டினால். பருத்தித்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் மினிபஸ் ஓட்டியவர் அவர். பதினெட்டு வருடம் ஓட்டியும் ஒரு நாயைக்கூட அடித்ததில்லை என்று சொல்லிக்கொள்வார். அன்று பஸ்ஸை விட்டுவிட்டுத் தன்னுடைய மோட்டார் சைக்கிளில் கொக்குவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். மத்தியானம் கழிந்த நேரம், நல்ல வெயில். குறுக்கே வந்த மாட்டுக்காகப் பிரேக்கை அழுத்தினார். மாடு தன்பாட்டில் போய்விட்டது. இவருக்குக் கழுத்துக்குள் முள்ளந்தண்டு நொறுங்கிப்போனது.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தோம். தலையைத் திருப்புவார், தோளைக் கொஞ்சம் உயர்த்துவார். அதற்குக் கீழே அசைவும் இல்லை, தொட்டால் தெரிவதும் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வீட்டுக்கு விடத் துண்டு வெட்டும்போது டொக்டர் சொன்ன ஒரு வசனத்தை அவர் பிடித்துக்கொண்டார். "ஒரு வருசத்துக்குள்ள ஏதும் அசைவு வந்தால் வரும். பாப்பம்." வந்தால் என்ற சொல்லை அவர் கேட்கவேயில்லை. ஒரு வருசம் என்பதைத்தான் கேட்டார்.

காலையில் நான் உடம்பு துடைக்கும்போது ஒவ்வொரு நாளும் கூப்பிடுவார்.

"இஞ்சரும், வலக்கைப் பெருவிரலைப் பாரும். இப்ப ஆட்டிறன். கண்டனீரோ?"

நான் குனிந்து பார்ப்பேன். விரல் கிடந்தபடி கிடக்கும். நிமிர்ந்தால் அவருடைய முகம். நெற்றி வியர்த்து, பல்லைக் கடித்து, முழுப் பலத்தையும் அந்த விரலுக்கு அனுப்பிக்கொண்டிருப்பார். முதல் நாள் அந்த முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"ஓம், கண்டனான். கொஞ்சம் ஆடினது."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டியதாகிவிட்டது. உடற்பயிற்சி கொடுக்கக் கிழமைக்கு இரண்டு தரம் வருகிறவரிடமும் அவர் சொல்வார். "மனிசி கண்டவ. பெருவிரல் ஆடுது." வந்தவர் என்னைப் பார்ப்பார். நான் அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விடுவேன்.

நான் பத்தொன்பது வயதிலிருந்து ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறவள். இருட்டறையில் படம் கழுவப் பழகி, பிறகு கம்பியூட்டர் வந்தபோது அதையும் பழகினேன். அவர் விழுந்த பிறகு முதலாளி என் வேலையை வீட்டுக்கே தந்துவிட்டார். கலியாண அல்பம் செய்கிற வேலை. ஒரு கலியாணத்தில் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளியிருப்பார்கள். தாலி கட்டுகிற அந்த ஒரு நொடியே நாற்பது படமாக இருக்கும். மாப்பிள்ளையின் கண் மூடாத, பெண் அழகாகக் குனிந்திருக்கிற ஒன்றை நான் தெரிந்தெடுக்க வேண்டும். கம்பியூட்டர் மேசையை அவருடைய அறைக்குள்ளேயே போட்டிருந்தேன். ஒரு பக்கம் நொடியைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றப் பக்கம் அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

அந்த அறையில் நேரம் எப்படிப் போனது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் "இண்டைக்கு என்ன கிழமை?" என்று கேட்பார். சொன்னால், கொஞ்ச நேரத்தில் திரும்பக் கேட்பார். மறதியில்லை. சொன்ன கிழமைக்கும் அதற்கு முதல் கிழமைக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. எனக்கும்தான். துடைப்பது, புட்டைக் குழைத்து வாயில் தீத்துவது, சலம் போகிற பையை மாற்றுவது, புரட்டுவது, திரும்பத் துடைப்பது. மாதங்கள் போய்க்கொண்டிருந்தன, எதுவும் போனதாகத் தெரியவில்லை.

அப்படிப் போனதைப் படத்தில் காட்டலாமா என்று ஒரு யோசனை வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால், எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். தினமும் காலை பத்து மணிக்கு அறை வாசலில் ஒரே இடத்தில் நின்று ஒரு படம் எடுத்தேன். நாற்பது நாள் எடுத்து, கம்பியூட்டரில் வரிசையாகப் போட்டு வேகமாக ஓடவிட்டேன். கட்டில் விரிப்பின் நிறம் மாறியது. யன்னலுக்கு வெளியே முருங்கை பூத்து, பூக் கொட்டியது. அவ்வளவுதான். அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே நாளை நாப்பது தரம் எடுத்து வைச்சிருக்கிறீர்" என்றார்.

அந்த நாட்களில்தான் முதலாளி பழைய இருட்டறையைத் துப்புரவாக்கினார். என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, உதுகளை எறியப் போறன். வேணுமெண்டால் கொண்டு போம்" என்று நாலு பெட்டி கறுப்பு வெள்ளைத் தாளும், கழுவுகிற மருந்துப் பொட்டலங்களும், சிவப்பு பல்ப்பும் தந்தார். தாள் எல்லாம் காலம் கடந்தவை. நல்ல படம் விழாது. ஆனால் மணிக்கணக்கில் வெளிச்சம் காட்டினால் ஏதாவது விழும் என்று நினைத்தேன்.

பால்மா டின்னுக்கு உள்ளே கறுப்பு மை அடித்தேன். பக்கத்தில் ஒரு துளை போட்டு, சோடா டின்னில் வெட்டிய தகட்டை அதில் ஒட்டி, தையல் ஊசியால் மெல்லக் குத்தினேன். கண்ணாடி வில்லை எதுவும் இல்லை; அந்த ஊசித் துளைதான். குளியலறையில் சிவப்பு பல்ப்பைப் போட்டு, தாளை டின்னுக்குள் வளைத்து வைத்து மூடி, துளையின் மேல் கறுப்பு ரேப் ஒட்டிவிட்டால் டின் தயார். ரேப்பை உரித்தால் அந்த நொடியிலிருந்து தாள் பார்க்கத் தொடங்கும். திரும்ப ஒட்டும்வரை பார்த்துக்கொண்டே இருக்கும். கழுவினால் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும். அதைக் கைத்தொலைபேசியில் எடுத்து மாற்றிப் பார்ப்பேன்.

முதல் டின்னைப் புகையிரதக் கடவைக்குப் பக்கத்தில் ஒரு மதிலில் காலையிலிருந்து மத்தியானம்வரை வைத்தேன். அதற்குள் ரயில் போய் வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள், சைக்கிள்கள் போயின. படத்தில் தண்டவாளமும் மதிலும் மரமும் மட்டும் இருந்தன. நிற்காத எதையும் தாள் பிடிக்கவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. கீரிமலைக்குப் போய்த் தகப்பனுக்குத் தர்ப்பணம் செய்வதை அவர் ஒரு வருடமும் விட்டதில்லை. அந்த வருடம் அவருடைய தம்பி போனார். நானும் கூடப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா இவரோடு இருந்தார். கடலும் கேணிப்பக்கத்து வாசலும் தெரிகிற மாதிரி ஒரு மதிலில் டின்னை வைத்து, மேலே கல்லைப் பாரம் வைத்தேன். விடிந்ததிலிருந்து சனம் வந்துகொண்டே இருந்தது. ஈர வேட்டிகளும் பிண்டமும் எள்ளும், நிற்க இடமில்லை. அந்தத் தாளுக்கு மருந்தே தேவைப்படவில்லை. வெயிலே படத்தை மங்கலாக விழுத்தியிருந்தது. கடல் இருந்தது. மதில், வாசல், படிகள் இருந்தன. ஒரு மனிதர்கூட இல்லை.

அதைக் கொண்டுபோய் அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

"எவ்வளவு சனம் வந்திருக்கும். எல்லாரையும் துடைச்சுப் போட்டீர்!"

"நான் துடைக்கேல்லை. அவை நிக்கேல்லை."

அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சொன்னார், "இந்த அறையை எடும். நீர் எனக்கு எவ்வளவு செய்யிறீர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. விடியத் துவங்கினால் ஓடிக்கொண்டே இருக்கிறீர். அது ஒரு படத்தில வரட்டும்."

கீரிமலைப் படத்தைப் பார்த்த பிறகும் அவர் அப்படிச் சொன்னார். நானும் யோசிக்கவில்லை. அவர் ஒன்றைக் கேட்டிருக்கிறார் என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது. நாங்கள் இருவரும் சேர்ந்து எதையாவது செய்து எத்தனையோ மாதம்.

அலுமாரிக்கு மேலே டின்னை வைத்தேன். கட்டிலும் யன்னலும் என் மேசையும் அதற்குத் தெரியும். காற்று மெத்தை இருந்தபடியால் நாலு மணித்தியாலம் புரட்டாமல் விடலாம். காலை எட்டு மணிக்கு ரேப்பை உரித்தேன். வழமையான வேலைகளைச் செய்தேன். துடைத்தேன், தீத்தினேன், நகம் வெட்டினேன், கால்களை மடக்கி நீட்டுவதை மட்டும் பின்னேரத்துக்கு வைத்துக்கொண்டேன். அவர் கண்ணாலேயே என் பின்னால் வந்துகொண்டிருந்தார். "அங்கால போம், வெளிச்சத்தில நில்லும்" என்றுகூடச் சொன்னார். பன்னிரண்டு மணிக்குத் துளையை மூடினேன்.

குளியலறையில் தாளை மருந்துக்குள் விட்டு ஆட்டிக்கொண்டு நின்றேன். முதலில் யன்னல் வந்தது. பிறகு கட்டில் கால்கள், பிறகு மேசையின் கரை, என்னுடைய கதிரை. பிறகு அவர். நான் பத்தொன்பது வயதிலிருந்து எடுத்த, கழுவிய எந்தப் படத்திலும் ஒரு உடம்பு அவ்வளவு தெளிவாக வந்து நான் பார்த்ததில்லை. விரிப்பின் மடிப்பு, அதன் மேல் கை, கையின் விரல்கள் ஐந்தும் தனித்தனியாக. முகம் மட்டும் கலங்கியிருந்தது. என்னைப் பார்க்கத் திரும்பித் திரும்பி அழிந்துபோன முகம்.

நான் அதில் இல்லை. நாலு மணித்தியாலம் அந்தக் கட்டிலைச் சுற்றியே ஓடியிருக்கிறேன். ஒரு நிழல்கூட விழவில்லை.

அவருக்குக் காட்டாமல் விட்டிருக்கலாம். தாள் பழுதாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அப்படிப்பட்ட பொய்கள் எனக்குப் பழக்கம்தானே. ஆனால் அந்த நேரம் நான் படம் எடுக்கிறவளாக மட்டும் இருந்தேன். அது நல்ல படம். ஈரம் காயமுதல் கைத்தொலைபேசியில் மாற்றிக்கொண்டு அறைக்கு ஓடினேன்.

அவர் முதலில் என்னைத்தான் தேடினார்.

"உம்மைக் காணேல்லை."

"நான் நிக்கேல்லையே. ஓடிக்கொண்டெல்லோ இருந்தனான்."

"ஓம்" என்றார். பிறகு கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "கையைப் பெருசாக்கிக் காட்டும்."

இரண்டு விரலால் படத்தை விரித்துக் காட்டினேன். அப்போதுதான் அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது.

"விடிய எட்டு மணியில இருந்து நான் பெருவிரலை ஆட்டிக்கொண்டு கிடந்தனான். நீர் ஒருக்கால் ஓம் எண்டும் சொன்னனீர். ஆடினது மங்கலாத்தானே வரும்? என்ரை முகம் மாதிரி?"

நான் விரலை மட்டும் இன்னும் பெரிதாக விரித்தேன்.

"இது கட்டில் கால் மாதிரிக் கிடக்கு."

"சின்ன அசைவு இதில விழாது. கன நேரம் ஆட்டினால்தான்…"

"இவ்வளவு நாளும் கண்டனான் எண்டு சொன்னது பொய்யோ?"

அவருடைய குரலில் கோபம் இருந்திருந்தால் திரும்பவும் ஒரு பொய்யைச் சொல்லியிருப்பேன். கோபம் இல்லை. வழி கேட்பவர்போலக் கேட்டார். நான் கைத்தொலைபேசியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவே பதிலாகிவிட்டது. அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபித்துக்கொண்டு எழுந்து போக முடியாத மனிதருக்கு அந்தச் சுவர் ஒன்றுதான் இருந்தது.

அடுத்த தரம் உடற்பயிற்சி கொடுக்கிறவர் வந்தபோது, "வேண்டாம், உங்கடை நேரத்தை மினக்கெடுத்தாதேங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார். சாப்பாட்டை மறுக்கவில்லை. ஆனால் நாலு வாய்க்குமேல் வாய் திறக்கவில்லை. காலையில் துடைக்கும்போது கூப்பிடவுமில்லை. நான் அந்த விரலைத் துடைத்தபடி காத்திருப்பேன். அவர் முகட்டைப் பார்ப்பார். எந்தக் கேள்விக்குப் பொய் சொல்லப் பயந்துகொண்டிருந்தேனோ, அந்தக் கேள்வி இல்லாமல் எனக்கு மூச்சு முட்டியது.

அதனால்தான் அடுத்ததைச் செய்தேன். இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

டொக்டர் கொடுத்த மருந்தின் தூக்கத்தில் அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றரை, இரண்டு மணித்தியாலம் கண் மூடுவார். டின்னுக்குள் புதுத் தாள் வைத்து, அவர் தூங்கின பிறகு மட்டும் ரேப்பை உரிப்பது, அவர் விழிக்கமுதல் மூடுவது என்று முடிவு செய்தேன். அந்த நேரம் முழுக்க, கட்டிலுக்கு அங்காலே டின்னுக்குத் தெரியாதபடி நிலத்தில் பதுங்கி இருந்துகொண்டு, அவருடைய வலக்கையை மெல்ல உயர்த்துவேன், இறக்குவேன், உயர்த்துவேன். அவருக்குக் கையில் உணர்வு இல்லை. அவர் விழிக்கவில்லை. அந்தக் கை பாரமாக இருந்தது. பஸ்ஸின் ஸ்டியரிங்கை வளைத்த கை. உள்ளங்கையில் இருந்த காய்ப்பு உரிந்துபோய், பிள்ளையின் கைபோல மெதுவாகியிருந்தது. ஒரே தாளில் ஏழு மத்தியானம் இப்படிச் செய்தேன். கலியாண அல்பங்கள் தாமதமாகின; முதலாளி இரண்டு தரம் போன் எடுத்தார்.

படம் கழுவியபோது நான் நினைத்தது விழுந்திருந்தது. உடம்பு தெளிவாக இருக்க, வலக்கை இருந்த இடத்தில் புகைபோல ஒரு கலக்கம். கைதான் ஆடியிருக்கிறது என்று யாரும் சொல்வார்கள்.

பின்னேரம் அவருக்குக் காட்டினேன். முன்கூட்டியே யோசித்து வைத்த வசனத்தைச் சொன்னேன். "இஞ்சருங்கோ, நீங்கள் நித்திரையில ஆட்டிறீங்கள். உங்களுக்கே தெரியாமல். ஏழு நாள் மத்தியானம் வைச்சுப் பாத்தனான். பாருங்கோ."

அவர் பார்த்தார். முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் கண்டேன். அதைக் கண்டதற்காகவே நான் தண்டிக்கப்பட வேண்டியவள். பிறகு அவருடைய கண் கையை விட்டு நகர்ந்தது.

"இதென்ன?"

கட்டில் விளிம்புக்கு மேலே ஒரு மெல்லிய கருமை. நான் அதைக் கவனித்திருக்கவில்லை.

"தலையணையின்ரை நிழல்."

"இந்த அறையின்ரை நிழல் எல்லாம் எனக்குத் தெரியும். வேறென்ன வேலை எனக்கு?" அவர் இன்னும் கொஞ்சம் பார்த்தார். "இது தலை. கொண்டை. இது உம்மடை தோள்."

கையை உயர்த்தும்போதெல்லாம் என்னை அறியாமல் எட்டியிருக்கிறேன். ஏழு நாளும் ஒரே இடத்தில் எட்டியிருக்கிறேன். முதல் படத்தில் நான் இல்லை. அவர் காண விரும்பியபடி நான் விழுந்தது இந்தப் படத்தில்தான்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேனா என்று நினைவில்லை. அவர் கேட்டது நினைவிருக்கிறது.

"ஏழு நாளோ?"

"ஓம்."

"உமக்குக் கை உளையேல்லையோ?"

என்னை ஏசியிருக்கலாம். அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்கக் கூடாது. பிறகு, முகட்டைப் பார்த்தபடி சொன்னார்.

"இனிப் படம் எடுக்க வேண்டாம். எனக்குப் பொய்யும் வேண்டாம், உண்மையும் வேண்டாம். சும்மா இரும்."

சும்மா இருந்தோம். ஒரு வருடம் முடிந்த நாள் வந்தது. இரண்டு பேருக்கும் தெரியும்; இரண்டு பேரும் பேசவில்லை. அன்றைக்கு நான் அரிசியும் பாலும் சர்க்கரையும் போட்டுப் பாற்புக்கை காய்ச்சினேன், ஏன் என்று தெரியாது. மூன்று வாய் சாப்பிட்டார். "இனிப்புக் காணாது" என்றார்.

மாரி தொடங்கியபோது அவருக்குக் காய்ச்சல் வந்தது. சலத்தில் தொடங்கிய கிருமி இரத்தத்துக்குப் போய்விட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். கடைசி இரண்டு நாள் என்னைத் தெரியவில்லை. பஸ் ஓட்டுகிற நினைவில் இருந்தார். "இறங்கிறவையை விடுங்கோ, இறங்கிறவையை விடுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பத்தாவது நாள் காலை, நான் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தபோது போய்விட்டார். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள்.

கண்ணீர் அஞ்சலிக்குப் படம் வேண்டும் என்று அவருடைய தம்பி வந்து நின்றார். என் கம்பியூட்டரில் அவருடைய படங்கள் எத்தனையோ இருந்தன. எல்லாவற்றிலும் படுக்கையில் கிடந்தார். கடைசியில் உறவினர் கலியாணம் ஒன்றில் எடுத்த கூட்டப் படத்தைக் கண்டுபிடித்தேன். நாலாவது ஆளாக நின்று, பக்கத்தில் யாரோ சொன்ன பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். தலைமயிர் கறுப்பு. அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பிரேதம் வீட்டுக்கு வரமுதல் மேசையில் இருந்து நானே வெட்டினேன். பக்கத்தில் நின்றவர்களை அழித்தேன், பின்னாலே நீல நிறம் கொடுத்தேன், சட்டைக் கொலரை நேராக்கினேன். சிரிப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அஞ்சலிப் படத்துக்கு அவ்வளவு சிரிப்புக் கூடாதாம். என்னால் அதைச் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டேன்.

பஸ் நிலையத்திலும் வீதிச் சுவர்களிலும் ஒட்டினார்கள். கூட ஓடிய சாரதிமார் பருத்தித்துறைவரை கொண்டுபோய் ஒட்டினார்களாம். அச்சடித்த படம் வெயிலில் எப்படிப் போகும் என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும். முதலில் சிவப்புப் போகும், பிறகு மஞ்சள். முகம் நீலமாகும், பிறகு அதுவும் வெளிறும். எங்கள் சந்தி மதிலில் இருந்த படம் மூன்று மாதத்தில் அப்படியாகிவிட்டது. அதன் மேல் இன்னொருவருடைய அஞ்சலியைப் பாதி மறைக்கிற மாதிரி ஒட்டியிருக்கிறார்கள். திரும்பவும் ஸ்டூடியோவுக்கே வேலைக்குப் போகிறேன்; அந்தச் சந்தியால்தான் பஸ் திரும்பும். நான் இப்போது மதில் தெரியாத மற்றப் பக்கத்து இருக்கையில் இருந்துகொள்கிறேன்.